சாப்பிடாமலே நிறையும் வயிறு

சனிக்கிழமை மாலை ஊசி போட்டுக்கொண்டேன். அந்த வாரம் மருத்துவர் அளவைக் கூட்டியிருந்தார். மறுநாள் மாமியார் சங்கரா மீன் வறுத்தபோது, வாடை பட்டதும் கொல்லைக் குழாயடிக்கு ஓடினேன்.

மதிலுக்கு அந்தப் பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு அக்கா சிரித்தார். “இன்னாடி, அதுக்குள்ளியா? தம்பி மாசத்துக்கு ரெண்டு நாள் வந்தாலும் வேலய கரெக்டாதான் பாக்குது!”

கணவருக்குச் சென்னையில் வேலை. மாமியார் அடுப்பை அணைத்துவிட்டு நார்த்தங்காய் ஊறுகாய் எடுக்கப் போனார். எனக்குச் சர்க்கரை இருப்பதும் வாரம் ஒரு ஊசி போடுவதும் அவருக்குத் தெரியும். அதனால் குமட்டும் என்பதுதான் தெரியாது.

மதியம் தயிர்சோறு போட்டு எதிரிலேயே உட்கார்ந்தார். கல்யாணமாகி வந்ததிலிருந்து இந்த வீட்டில் தனியாகத்தான் சாப்பிட்டிருக்கிறேன். வேலைக்குத் திருபுவனை போகிற பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்கிறதா, கம்பெனி லேப்பில் நாளெல்லாம் நின்றேதான் மாத்திரைகளைச் சோதிக்க வேண்டுமா என்றெல்லாம் கேட்டார். பதில் சொல்லிக்கொண்டே இருக்கலாம் போலிருந்தது. உண்மையைச் சொன்னால் எழுந்துவிடுவார்.

சொல்ல வேண்டியவை மூன்று. குழந்தை இல்லை. காரணம் மருந்து. மருந்தை நிறுத்தும்வரை குழந்தை கூடாது. முதலாவது வாயில் வரவில்லை, இரண்டாவதிலிருந்து தொடங்கினேன்.

“இது ஊசியால அத்தை.”

“சுகர் ஊசி இன்னாடி பண்ணும்?”

“சாப்ட்டா நம்ம கொடலே ஒரு ஹார்மோன் சுரக்கும். போதும்னு மூளைக்குச் சொல்லும், வயித்த மெதுவா காலியாவ வைக்கும், சர்க்கரைய கொறைக்க இன்சுலின கூட்டும். ஆனா ஒடம்பே அத கொஞ்ச நேரத்துல அழிச்சிடும். இந்த மருந்து அத மாதிரியே செஞ்சது, சீக்கிரம் அழியாம கொஞ்சம் மாத்தியிருக்காங்க. அதனால வாரம் பூரா, சாப்புடாட்டியும் சாப்ட்ட மாதிரியே சொல்லிக்கினு இருக்கும். அதான் கொமட்டுது.”

அவர் என் வயிற்றைப் பார்த்தார்.

“அப்போ உள்ள ஒன்னும் இல்லியா?”

“இல்ல அத்தை. சுகர் அடங்குனப்புறம் இத நிறுத்தி, கொஞ்ச நாள் விட்டுத்தான் புள்ள பத்தி யோசிக்கணும்னு டாக்டர் சொல்லிருக்காரு.”

“அவனுக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“எனுக்குத்தான் தெரியல” என்று எழுந்தார். கோபம் இல்லை. ஊறுகாய் ஜாடியை மூடி வைத்தார். மீனை மறுபடி அடுப்பில் ஏற்றினால் எனக்கு ஆகாது என்று நினைத்தாரோ என்னவோ, சட்டியோடு கொல்லைப் பக்கம் போனார்.

நான்கு வாயிலேயே போதும் என்றிருந்தது. மதிலோரம் அவர் ஏதோ சொல்ல, பக்கத்து வீட்டு அக்கா “அய்யோ, அப்டியா” என்பது கேட்டது. பிறகு இருவரும் மெதுவாகப் பேசினார்கள். தட்டில் மீதியிருந்த சோற்றைப் பிசைந்துகொண்டே, அவர் உள்ளே வரட்டும் என்று உட்கார்ந்திருந்தேன்.