ஆட்டுக்கும் கோழிக்கும் சொன்ன கதை

என் ஓரகத்தி என்னோடு பேசிப் பதினோரு வருடம் ஆகியிருந்தது. ஓரகத்தி என்றால் என் வீட்டுக்காரரின் அண்ணன் சம்சாரம். திருச்சுழிக்குப் பக்கத்தில் ஒரே வளவில் இரண்டு வீடு, நடுவில் இடுப்பளவுச் சுவர். சுவர்தான் இடுப்பளவு. கோபம் ஆளுயரம்.

ஏன் பேச்சை நிறுத்தினாள் என்பது எனக்குத் தெரியாது. அதுதான் வேதனை. சண்டை போட்டுப் பேசாமல் இருந்தால் மனசுக்குள் அந்தச் சண்டையையாவது திரும்பப் போட்டுப் பார்க்கலாம். இது ஒன்றுமில்லை. அந்த வருடம் சிவராத்திரிக்குக் குலசாமி கும்பிடப் போகும்போது வேனில் என் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டு வந்தவள், திரும்பும்போது டிரைவர் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள். அவ்வளவுதான். என் வீட்டுக்காரர் இறந்த அன்று என்னைக் கட்டிப் பிடித்து அழுதாள். மறுநாள் திரும்பவும் வாயைப் பூட்டிக்கொண்டாள். ஒப்பாரி கணக்கில் வராது போலிருக்கிறது.

மருமகளிடம் ஒரு தடவை கேட்டேன். "நான் அக்காவுக்கு என்ன தப்புப் பண்ணிருப்பேன் தாயி?"

"எந்த வருசத்துலருந்து சொல்லணும் அத்த?" என்றாள்.

நியாயம்தான். அக்காவின் குறட்டையை நான் ஊர்ப் பெண்களுக்கு நடித்துக் காட்டியிருக்கிறேன். அவள் வைத்த ரசத்தைக் குடித்துவிட்டு, கம்மாயில் இன்னும் தண்ணீர் இருக்கிறதா என்று கேட்டிருக்கிறேன். ஆனால் அதற்கெல்லாம் அவளே முதலில் சிரித்தவள்.

பேசாதவர்கள் ஒரே வளவில் இருக்க எங்கள் பக்கம் ஒரு வழி உண்டு. ஜாடை. சொல்ல வேண்டியதை ஆளிடம் சொல்லாமல் ஆட்டிடம் சொல்ல வேண்டும், சுவருக்கு அந்தப் பக்கம் கேட்கிற சத்தத்தில். எனக்கு ஒரு ஆடு, அக்காவுக்கு ஆறு கோழி. "ஏ கோழி, தொட்டி நெறஞ்சு ஒரு மணி நேரமா ஓடுது, சில பேருக்குக் காது அவிஞ்சு போச்சு போல" என்று அந்தப் பக்கம் கேட்டால் நான் எழுந்து போய் மோட்டாரை நிறுத்துவேன். "ஏலே ஆடே, அவுக வீட்டுக்கு கேஸ் வண்டி வந்து நிக்கி" என்று நான் சொன்னால் அவள் கதவைத் திறப்பாள். பதினோரு வருடக் குடித்தனம் இப்படித்தான் ஓடியது.

அப்போதுதான் அந்தத் தொடர் வந்தது. வெள்ளிக்கிழமைக்கு ஒரு பகுதி. நெட்டில் வருவதை மருமகள் டிவியில் போட்டுவிடுவாள். அவள் அருப்புக்கோட்டையில் டீச்சர். பஸ்ஸில் போகவர நாவல் வாசிக்கிறவள். இந்தத் தொடரும் ஒரு நாவலிலிருந்து எடுத்ததுதான் என்றும், தான் முன்பே வாசித்துவிட்டதாகவும் சொல்லி, ஒவ்வொரு வாரமும் எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். முட்டையை ஒளித்து வைத்துக்கொண்டு கேரும் கோழி மாதிரி.

கதை இதுதான். ஒரு பெரிய வீடு. அந்த வீட்டு மூத்த மருமகள் கிணற்றில் கிடக்கிறாள். தவறி விழுந்தாளா, யாராவது தள்ளினார்களா? வீட்டில் ஆளுக்கொரு ரகசியம். சித்திக்காரி முந்தானையில் ஒரு சாவி. கணக்கப்பிள்ளை பெண்டாட்டிக்குப் பழைய பகை. சின்ன மருமகள் ஒருத்திதான் அழுதுகொண்டே, "எங்கக்காவைக் கொன்னது யாரு? யாரு?" என்று ஒவ்வொரு அறையாகத் தேடுகிறாள்.

இரண்டாவது வாரம் ஒன்றைக் கவனித்தேன். தொடர் ஆரம்பித்ததும் அந்தப் பக்கம் புளி தட்டுகிற சத்தம் நின்றது. முடிந்ததும் திரும்பத் தொடங்கியது. அக்காவுக்கு இரண்டு கண்ணிலும் புரை. டிவி வைத்திருந்தாலும் அவளுக்கு நிழல்தான் தெரியும். காதை மட்டும் சுவர்மேல் வைத்திருக்கிறாள்.

நான் சத்தத்தைக் கூட்டி வைத்தேன். பிறகு ஆட்டை ஜன்னலுக்கு வெளியே கட்டினேன்.

"ஏலே ஆடே, நல்லாப் பாத்துக்க. சித்திக்காரி மாடிக்குப் போறா. வெளக்கு இல்ல. சாவிய எடுத்துட்டா. பொட்டியத் தொறக்கா."

அந்தப் பக்கமிருந்து மெதுவாக ஒரு குரல் வந்தது. "கோழி, பொட்டிக்குள்ள என்ன இருக்குன்னு அந்த ஆட்டக் கேளு."

அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷத்தில் ஆட்டுக்கு ஒரு சீப்பு வாழைப்பழம் போனது.

அதிலிருந்து ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஆடும் கோழியும் சேர்ந்து துப்புத் துலக்கின. அக்கா முதலிலிருந்தே ஒரே பிடிதான். "கணக்கப்பிள்ளை பொண்டாட்டிதான் கோழி. சிரிக்கும்போது மூக்கால சிரிக்கா பாரு." நான் சித்திக்காரி என்றேன். மருமகள் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள்.

ஏழாவது வாரம் முடிந்தபோது அக்காவின் மகன் திருப்பூரிலிருந்து வந்தான். "அம்மாவ கூட்டிட்டுப் போறேன் சின்னம்மா. கண்ணு ஆபரேசன் பண்ணணும். இனி அங்கனயே எங்க கூடத்தான். வீட்டப் பூட்டிருவோம்" என்றான். வியாழக்கிழமை காலையில் கார். கடைசிப் பகுதி வெள்ளிக்கிழமை.

கிணற்றில் தள்ளியது யார் என்பது அவளுக்குத் தெரியாமல் போகும். அதைவிட, என்னோடு ஏன் பேசவில்லை என்பது எனக்குத் தெரியாமலே போய்விடும். காரில் மூட்டை முடிச்சோடு அந்தக் காரணமும் ஏறிவிட்டால் நான் யாரைப் போய்க் கேட்பது? கோழியையா?

என் கையில் ஒரே ஒரு சரக்குதான் இருந்தது. அதையும் மருமகளிடம் வாங்க வேண்டும்.

"முடிவச் சொல்லு தாயி."

"சொன்னா நீங்க ஆட்டுக்குச் சொல்லிருவீங்க."

"ஆடு யார்ட்டயும் சொல்லாது."

"ஆடு சொல்லாது. ஆட்டுக்காரவுக சொல்லுவாக."

"வெள்ளிக்கிழம வரைக்கும் நான் இருப்பேனோ என்னவோ" என்று நெஞ்சில் கையை வைத்தேன். அந்த நெஞ்சு வலியை அவளுக்குக் கல்யாணமான நாளிலிருந்து தெரியும். இருந்தாலும் நல்ல பெண். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கடைசி அத்தியாயத்தை எடுத்து வாசித்தாள். நான் எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன், நானே வாசித்திருந்தால் அடுத்த சிவராத்திரி ஆகியிருக்கும். முடிவைக் கேட்டதும் தொடையைத் தட்டிச் சிரித்தேன். அப்போது எனக்கு எதுவும் உறைக்கவில்லை.

புதன்கிழமை காலை, அக்கா கோழிக்கு அரிசி போட வந்த நேரம் பார்த்து ஆட்டை இழுத்துக்கொண்டு சுவரோரம் போனேன்.

"ஏலே ஆடே, கெணத்துல தள்ளுனது யாருன்னு எனக்குத் தெரிஞ்சு போச்சு. ஆனா சும்மாச் சொல்லமாட்டேன். பதினோரு வருசமா ஒருத்தவுக ஏன் பேசலைன்னு சொன்னா, நானும் சொல்லுவேன்."

அரிசி போட்டுக்கொண்டிருந்த கை நின்றது. பிறகு அக்கா கோழிகளைப் பார்த்துக் குனிந்தாள்.

"கோழி, உனக்கு எங்க குலசாமி கோயில் வழக்கம் தெரியாது. அங்க எத்தன பான வச்சாலும் மூத்த மருமக பானதான் முதல்ல பொங்கணும். அதுக்குக் குலவ விட்ட பெறகுதான் மத்தவ பான. எளையவ பான முந்துற மாதிரி இருந்தா அவளே கொள்ளிய இழுத்து அமத்திக்கிறணும். அந்த வருசம் என் பான வெளிம்பு வரைக்கும் வந்துருச்சு. பொகையில கண்ணத் தொடச்சேன். அப்ப ஒரு கை வந்துச்சு கோழி. பச்ச வளையல் போட்ட கை. என் அடுப்புல எரிஞ்ச கொள்ளிய உருவிட்டுப் போயிருச்சு. என் பால் அப்பிடியே உள்ள இறங்கிருச்சு. பக்கத்துப் பான பொங்கி, எல்லாரும் அதுக்குக் குலவ விட்டாளுக."

ஆடு சுவரில் கொம்பை உரசிக்கொண்டு நின்றது.

"அவதான்னு நான் சத்தியம் பண்ணமாட்டேன். அன்னைக்கி அஞ்சு பொம்பளைக, நாலு கையில பச்ச வளையல். வளையலத்தான் பாத்தேன், மொகத்தப் பாக்கல. பாக்காம ஒருத்தியக் குத்தம் சொல்லப்படாது. ஆனா பேசவும் முடியல. சரி, நாஞ் சொல்லிட்டேன். இப்ப ஆடு சொல்லட்டும்."

ஆடு சொல்லவில்லை. உள்ளங்கையில் அந்தச் சூடு வந்துவிட்டது. சீமைக்கருவேலங் கட்டை, நுனி மட்டும் கனிந்தது, உருவும்போது தெறித்த பொறி, பட்டுச் சேலையில் விழுந்த சின்ன ஓட்டை. அந்த ஓட்டை இன்றைக்கும் பெட்டியில் இருக்கிறது. பதினோரு வருடமாக ஊரெல்லாம் துப்புக் கேட்டேன். அந்தப் புகைக்குள் போய் நான் ஒரு தடவைகூடத் தேடிப் பார்க்கவில்லை.

ஆட்டைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டேன். பின்னால் குரல் கேட்டது. "பாத்தியா கோழி. பேச்சு மாறுற ஆடு."

அன்றைக்கு முழுவதும் எனக்கு நானே வக்கீல். அவளே சத்தியம் பண்ணமாட்டேன் என்கிறாள். நாலு கை பச்சை வளையல். அந்த நாலு பேரில் ஒருத்தி செத்துப் போய்விட்டாள், அவள் தலையில் போட்டால் வந்து கேட்கப் போகிறாளா? "யாரோ சிறுக்கிக்கா" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், சிரித்துப் பேசி வழியனுப்பலாம். இதையெல்லாம் நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டிருக்கும் மருமகள், இந்த இடத்தில் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்க்கிறாள். எழுது தாயி, நினைத்ததைத்தான் சொல்கிறேன், செய்ததை அல்ல.

வியாழக்கிழமை காலை கார் வந்தது. மகன் மூட்டைகளை ஏற்றினான். அக்கா கதவைப் பூட்டி, பூட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தாள். நான் ஆட்டைக் கட்டிப் போட்டுவிட்டு, வாசலைச் சுற்றிக்கொண்டு அவள் வீட்டு முற்றத்துக்குப் போனேன்.

"அக்கா."

அவள் திரும்பினாள். என் முகம் அவளுக்குத் தெரிந்திருக்காது. குரல் தெரியும்.

"அந்தக் கை என் கைதான்க்கா."

"எந்தக் கை?"

"கொள்ளிய உருவுன கை. முப்பது வருசமா ரெண்டாவதாவே பொங்குனேன். ஒருக்கா முந்திப் பாக்கணும்னு இருந்துச்சு."

"வெளையாட்டுக்கா, வேணும்னா?"

"ரெண்டுந்தான்."

அக்கா பூட்டையே பிடித்துக்கொண்டு நின்றாள். "அந்த வருசம் பூரா எனக்கு வெளங்கலடி. போட்ட மல்லி பூராம் காஞ்சு போச்சு."

"அந்த வருசம் மழையே இல்லக்கா. ஊருக்கே வெளங்கல."

மகன் காருக்குப் பின்னால் நின்று சிரித்துவிட்டான். அக்கா சிரிக்கவில்லை. காரில் ஏறி உட்கார்ந்தாள். கதவைச் சாத்தவில்லை.

"அடியே. கோழி ஆறு இருக்கு. பொழுதடையக் கூட்டுல அடைக்கணும். வெள்ளக்கோழி வராது, வெரட்டிப் பிடிக்கணும்."

"சரிக்கா. முடிவச் சொல்லவா?"

"வாய மூடு. நாளைக்குப் படத்தப் பாத்துக்கிட்டே சொல்லு. போன் போடு."

வெள்ளிக்கிழமை ஏழு மணிக்கு மருமகள் போனை ஸ்பீக்கரில் போட்டு டிவி பக்கத்தில் வைத்தாள். நான் வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டே வந்தேன், யார் படியேறுகிறாள், யார் முகம் வெளுக்கிறது என்று. அக்கா "ம்" மட்டும் கொட்டினாள். கடைசியில் கிணற்றடியில் எல்லோரும் நிற்க, உண்மை வெளியே வந்தது.

"யாருடி?"

"அழுதுக்கிட்டே யாரு யாருன்னு வீடு பூராம் தேடுனாளே, அந்தச் சின்ன மருமகதான்க்கா."

திருப்பூரிலிருந்து அந்தப் பழைய சிரிப்பு வந்தது, மூச்சு வாங்க வாங்க.

"அவ எத்தன நாளாத் தேடுனா?"

"எட்டு வாரம்."

"அப்ப நீதாண்டி பெரிய கைகாரி" என்றாள் அக்கா. "வெள்ளக்கோழி அடஞ்சிருச்சா?"