மாமியார் அறைக்கு ஒரு செடி

லிஃப்ட்காரருக்கும் அவர் மாமியாருக்கும் சண்டை கிடையாது. சண்டை போடுவதற்கும் முதலில் பேச வேண்டுமே! மகள் தானாகப் பார்த்துக் கட்டிக்கொண்ட ஆள் என்பதால் அந்த அம்மா அவரிடம் முகம் கொடுத்துப் பேசியதில்லை. “லிஃப்ட்காரர் சாப்பிட்டாச்சா?” என்று மகளிடம் கேட்பார். லிஃப்ட்காரர் பக்கத்திலேயே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பார். இப்படியே பேரப்பிள்ளைகள் வளர்ந்து வேலைக்கும் போய்விட்டார்கள்.

லிஃப்ட் ரிப்பேரில் மனுஷன் கெட்டிக்காரர். நடுவில் சிக்கிக்கொண்டு அழுகிறவர்களை வெளியே நின்று பேசியே தேற்றிவிடுவார். வீட்டில் மட்டும் அந்த வாய் எங்கே போகுமோ தெரியாது. கண்ணை மூடுவதற்குள் அந்த அம்மா ஒரு தடவையாவது தன்னை ‘மாப்பிள்ளை’ என்று கூப்பிட்டுவிட வேண்டும் என்று அவருக்கு ஆசை. ஊர் சிரிக்கும் என்று மனைவியிடம்கூடச் சொல்லவில்லை.

முழங்கால் ஆபரேஷன் முடிந்து மாமியார் இவர்கள் வீட்டுப் பின்னறைக்கு வந்து சேர்ந்தார். ஜன்னலைத் திறந்தால் அடுத்த கட்டடத்துச் சுவரும் தண்ணீர்க் குழாயும்தான். அம்மா சுவரையே வெறித்துக்கொண்டு படுத்திருக்கிறார், பச்சையாக ஏதாவது வாங்கி வாருங்கள் என்றாள் மனைவி.

நர்சரிக்காரர் வெயில் கேட்காத செடியாக இரண்டை எடுத்து வைத்தார். ஒன்று மணி பிளான்ட். இருட்டில் பிழைத்துக்கொள்ளும், ஆனால் இலை சிறுத்துப்போகும். இன்னொன்று கத்தி கத்தியாக நிமிர்ந்து நின்றது. தண்ணீர் ஊற்றி ஊற்றிக் கொன்றால்தான் உண்டு, மற்றபடி சாகாது. அதன் பேரைக் கேட்டதும் லிஃப்ட்காரர் நீட்டிய கையை இழுத்துக்கொண்டார். எதை எடுப்பது என்று நின்றுகொண்டே இருந்தார். பின்னால் நின்றவர்கள் முணுமுணுக்கவே, வேண்டாததைத் திருப்பித் தருவதாகச் சொல்லி இரண்டையும் தூக்கிக்கொண்டு வந்தார்.

பேரைக் கேட்டு மனைவி தலையில் கைவைத்தாள். பாம்புச் செடி என்று சொல்லிவிடலாம் என்று சமையலறையிலேயே பேசி முடித்தார்கள். ஜன்னலில் இரண்டையும் வைத்ததும் மாமியார் மகளைப் பார்த்து, அந்தக் கத்தி மாதிரி நிற்பதற்கு என்ன பேராம் என்றார்.

லிஃப்ட் பார்ட் பேரை மாற்றிச் சொன்னால் ஆள் உயிருக்கே ஆபத்து என்று வேலையில் பழகிப்போன வாய். மனைவி முந்துவதற்குள், “மாமியார் நாக்கு” என்றுவிட்டார் லிஃப்ட்காரர்.

மனைவி அவர் இடுப்பில் ஒரு கிள்ளு கிள்ளினாள். மாமியார் செடியையே பார்த்துக்கொண்டிருந்தார். தொலைந்தோம், இனி மகள் மூலமாக வருகிற பேச்சும் கிடையாது என்று லிஃப்ட்காரருக்கு வியர்த்தது. எதையாவது சொல்லிச் சமாளிக்கலாம் என்று வாயைத் திறந்தார்.

“தண்ணி எப்பவாவது ஊத்தினா போதுமாம். கண்டுக்காம விட்டாலும் கோவிச்சுக்காதாம்.”

“அப்ப யாரோ விவரம் தெரியாம பேர் வெச்சிருக்காங்க, மாப்பிள்ளை,” என்றார் மாமியார். “இது இருக்கட்டும். மத்ததைத் திருப்பிக் குடுத்துடுங்க.”

லிஃப்ட்காரர் ஒரே பாய்ச்சலில் ஜன்னலுக்குப் போனார். “சரிங்க அத்தை” என்று சொல்லி முடிப்பதற்குள் மணி பிளான்டைச் சாய்த்துப் பிடித்துப் பாதி மண்ணைத் தரையில் கொட்டியிருந்தார்.