வயிறு எரிந்த அன்று

மூன்றாம் வகுப்பைத் தாண்டாத மனிதர்தான். ஆனால் சந்தைக் குப்பையை அவரைப் போலக் கட்டி மேய்த்தவர் அந்த வட்டாரத்தில் வேறு யாரும் கிடையாது. தள்ளுவண்டியில் தொடங்கிச் சொந்த லாரி வரைக்கும் வந்தவர். லாரிக்காரர் என்றால் எல்லோருக்கும் தெரியும்.

அழுகிய காய்கறியைச் சந்தைக்குப் பின்னால் கொட்டிக் கொளுத்துவார்கள். புகை நேராக அவர் மனைவியின் பழக்கடைக்குள்தான் நுழையும். இருமி இருமி அவள் குரலே கரகரத்துப் போயிற்று. "இந்தப் புகையை நிறுத்திக் காட்டுறேன் பாரு" என்று மார்தட்டினார் லாரிக்காரர். சொன்னபடியே பெரிய தொட்டிக்குள் சின்னத் தொட்டியைக் கவிழ்த்துக் குழாயும் பொருத்திவிட்டார். குப்பையைக் கரைத்து ஊற்றினால் வாயு வரும். அதில் டீக்கடை அடுப்பு எரியும். சிலிண்டரும் மிச்சம், வானத்துக்குப் போகும் கரிப்புகையும் மிச்சம்!

சந்தை வியாபாரிகள் சங்கத் தலைவர் இடம் கொடுத்தார். ஆனால் அடுத்த கூட்டத்தன்று அடுப்பு எரியாவிட்டால் தொட்டியைத் தூக்கிவிட்டுப் பழையபடி கொளுத்துவதுதான் என்றும் சொல்லிவிட்டார்.

"இது தொட்டியில்லப்பா, வயிறு! நல்லாப் போடுங்க" என்று லாரிக்காரர் கடை கடையாகச் சொன்னார். அதுதான் வினையாகிவிட்டது. ஜூஸ் கடைக்காரர் எலுமிச்சைத் தோலை மூட்டை மூட்டையாகக் கொட்டினார். தக்காளி வியாபாரியும் சளைக்கவில்லை. வாயு சேர்ந்து, கவிழ்த்திருந்த சின்னத் தொட்டி ஜம்மென்று எழும்பியது. லாரிக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. டீக்கடை அடுப்பில் தீக்குச்சியை நீட்டினார். புஸ்ஸென்று வந்த காற்று குச்சியை அணைத்ததோடு சரி.

"அண்ணே, இதுக்கு உங்க வாயில வர்ற காத்தே தேவல!" என்றார் டீக்கடைக்காரர்.

மாலையில் தொட்டியருகே இடிந்துபோய் உட்கார்ந்திருந்தவரிடம் மனைவி மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தாள்.

"என்னங்க, புளிச்ச ஏப்பம் மாதிரி நாறுது?"

"வயிறுன்னா அப்படித்தான்."

"வயிறுன்னு தெரியுதுல்ல? விருந்துக்குப் போயி மூக்குப்பிடிக்கத் தின்னுட்டு வந்தா உங்கள என்ன பண்ணுவேன்?"

"பட்டினி போடுவ..." என்றவர் துள்ளி எழுந்தார். "அடியே, பட்டினிதான்டி!"

மறுநாளிலிருந்து தொட்டிக்குக் குப்பை கிடையாது. மாட்டுக்காரரிடம் சாணி வாங்கிக் கரைத்து, மருந்து மாதிரி கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினார். எலுமிச்சை மூட்டையோடு வந்த ஜூஸ் கடைக்காரரை, "வயிறு சரியில்லாதவனுக்குப் புளிப்பா? போய்யா அந்தாண்ட!" என்று விரட்டியடித்தார். கூட்டம் நெருங்க நெருங்கப் புளித்த நாற்றம் குறைந்தது. அவருக்குச் சோறு இறங்கவில்லை; தொட்டியோடு சேர்ந்து அவரும் பட்டினி.

அந்த நாளும் வந்தது. தலைவர் கைகட்டி நிற்க, சந்தையே டீக்கடை முன் கூடியது. லாரிக்காரர் தீப்பெட்டியைக் கையில் உருட்டிக்கொண்டே நின்றார். மனைவி அதைப் பிடுங்கி உரசினாள்.

குப்பென்று நீலமாகப் பிடித்துக்கொண்டது!

"எரியுது! என் வயிறு எரியுது!" என்று குதித்தார் லாரிக்காரர்.

"வயிறு எரியுதுன்னு ஆட்டம் போடுற ஆளு உலகத்துலயே நீங்க ஒருத்தர்தாண்ணே!" என்றார் டீக்கடைக்காரர்.

தலைவரே சிரித்துவிட்டார். "தொட்டி இருக்கட்டும்யா. இனி எவனும் குப்பையக் கொளுத்தக் கூடாது" என்றார்.

முதல் டீ மனைவிக்குப் போனது. ஒரு வாய் குடித்தவள், இருமாமல் சொன்னாள்: "சக்கரை கம்மி."