நான் நுழைந்த வீடுகள்

கோழி, பறவை வைத்தியம்தான் வேண்டும் என்று அடம்பிடித்துப் படித்தவள் நான். தேயிலை விலை சரிந்து எஸ்டேட்டில் வேலை குறைந்தபோது, சேரம்பாடியில் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயன்களில் பலரும் கோழி வளர்த்துத்தான் சமாளித்தார்கள். அங்கே வெள்ளைக்கழிச்சல் நோய் வந்ததும் ஓடினேன். நோய்க் கோழிகளைப் பார்த்துவிட்டு, அடுத்த லயனில் நல்ல கோழிகளுக்குத் தடுப்பூசி போட்டேன். கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவினேனே தவிர, நோய்க் கோழிகளின் எச்சம் ஒட்டிய பூட்ஸை நினைக்கவில்லை.

ஒரு வாரம் கழித்து அந்த லயனின் செல்லம்மா அக்கா கேட்டார்: "டாக்டரம்மா, கோவிச்சுக்காதீங்க. நீங்க வந்துட்டுப் போன வீட்டுலதானே கோழியெல்லாம் சாகுது?"

கழுத்து திருகிக் கிடந்த கோழிகளுக்கு என்னிடம் மருந்தில்லை. அப்போதுதான் குனிந்து என் பூட்ஸைப் பார்த்தேன்.

இப்போதெல்லாம் நோய்க் கோழிகளைக் கடைசியில்தான் பார்க்கிறேன். ஒவ்வொரு வாசலிலும் பூட்ஸை மருந்துநீரில் முக்கி எடுத்த பிறகே நுழைகிறேன்.

செல்லம்மா அக்கா வீட்டில் மட்டும் எனக்கு வேலையில்லை. அவர் மறுபடி கோழி வளர்க்கவில்லை.