கோபத்தில் ஒரு ‘ங்க’

திரைப்படக் கல்லூரியில் நடிப்புப் படிக்க வேண்டும் என்று எனக்கு ஆசை வந்தபோது, கைவசம் இருந்த நாடக அனுபவம் இவ்வளவுதான்: வேலை பார்த்த பம்பு கம்பெனியில் லீவுக்காக வயிற்றுவலி வந்தவனாக நடித்தது. அதையும் சூப்பர்வைசர் நம்பவில்லை.

மேடையே ஏறாதவன் நடிப்புத் தேர்வில் எப்படித் தேறுவது? காந்திபுரத்தில் ஒரு மாடியில் ஞாயிறுதோறும் இதற்கென்றே பயிற்சி வகுப்பு நடந்தது. நடத்தியவர் சென்னைக்காரர். கூலிங் கிளாஸை வகுப்புக்குள்ளும் கழற்றமாட்டார்.

முதல் பாடம் கோபம். “உன் நிலத்தை ஒருத்தன் அபகரிச்சுட்டான். அவன் வீட்டு வாசல்ல போய் நிக்கிற. கிழி!” என்றார்.

உடுமலைப் பக்கம் தென்னந்தோப்புக்காரர் குடும்பத்தில் பிறந்தவனுக்கு இதைவிடத் தோதான காட்சி வாய்க்குமா? கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினேன்.

“ஏனுங்க! என்ற காட்டை எதுக்குங்க புடுங்கிப்போட்டீங்க? வெளிய வாங்க!”

வகுப்பே உருண்டு சிரித்தது. “தம்பி, நீ சண்டைக்கு வந்தியா, சீர்தட்டோட வந்தியா? உள்ள கூப்பிட்டு காபி குடுக்கலாம் போல இருக்கே” என்றார் பயிற்சியாளர். “இந்த பாஷை காமெடிக்குத்தான் ஆகும். முதல்ல அந்த ‘ங்க’வைத் தூக்கு.”

நானும் சேர்ந்து சிரித்தேன். இன்றும் எரிவது அதுதான்.

அன்று முதல் எனக்கு ‘ங்க’ அறுவை சிகிச்சை. பென்சிலைக் கவ்விக்கொண்டு வசனம் பேசினேன். அவிநாசி ரோட்டில் பைக் ஓட்டும்போது ஹெல்மெட்டுக்குள் “டேய், வெளிய வாடா!” என்று உறுமினேன். சிக்னலில் பக்கத்து வண்டிக்காரர் திரும்பி, “என்னையவாங்க?” என்றார். “ஐயோ, இல்லீங்ணா, மன்னிச்சுக்கோங்க” என்றேன். ஒரு வார உழைப்பு ஒரே நொடியில் போச்சு.

லீவுக்கு ஊருக்குப் போனபோது தோப்பில் நின்று அதையே கத்திக்கொண்டிருந்தேன். அம்மா ஓடிவந்தார்.

“ஆருகூட கண்ணு சண்டை?”

“சண்டை இல்லீம்மா, நடிப்பு. கோவப்படறேன்.”

“இதா கோவம்? மாடு வெரட்டறாப்பல இருக்குது. வரப்புத் தகராறுல உங்கப்பா உங்க பெரியப்பாகிட்ட ‘டா’ போட்டா பேசுனாங்க?”

இல்லை. பெரியப்பா வீட்டு வாசலில் நின்று அப்பா சொன்னது ஞாபகம் வந்தது. “சரீங்ணா. நீங்களே வெச்சுக்கோங்க. நல்லா இருங்க. நாங்க வாரோமுங்க.” குரல்கூட உயரவில்லை. அப்புறம் அந்த வீட்டுக் கல்யாணத்துக்குக்கூட அவர் போகவில்லை. எங்கள் பக்கம் கோபம் ஏற ஏற மரியாதையும் ஏறும். ‘ங்க’ கூடினால் உறவு முறிகிறது என்று அர்த்தம். இதைத்தான் ஒருவர் காமெடி என்றார், நானும் தலையாட்டிவிட்டு வந்திருக்கிறேன்!

சென்னையில் தேர்வு. மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். வீட்டைக் காலி செய்யச் சொல்லும் ஓனரிடம் சண்டை போடச் சொன்னார்கள். நான் கத்தவில்லை. அப்பா நின்ற மாதிரி நின்று, ஒவ்வொரு சொல்லுக்கும் ‘ங்க’ வைத்துப் பேசினேன். இரண்டு பேர் சிரிப்பை அடக்கினார்கள். நடுவில் இருந்தவர், “இந்த ஸ்லாங்கை மாத்திக்க முடியுமா? எல்லா ரோலுக்கும் ஒத்து வராதே” என்றார்.

“மெட்ராஸ்காரங்ககிட்டயும் இதையே கேட்டீங்களாங்க?” என்றேன். அது நடிப்பு இல்லை.

“அடுத்த ஆளை வரச் சொல்லுங்க” என்றார்.

தேர்வானவர்களில் நான் இல்லை. எனக்கு நடிப்பே வரவில்லை என்று சொல்லியிருந்தால் ஒத்துக்கொண்டிருப்பேன். அதற்கு எங்கள் சூப்பர்வைசரே சாட்சி. ஆனால் நடிப்பைப் பற்றி அந்த அறையில் யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. என் வாயைப் பார்த்தார்கள், ஊரைக் கண்டுபிடித்தார்கள், முடித்துவிட்டார்கள்.

பயிற்சியாளர் போன் செய்தார். “சொன்னேன், கேட்டியா? காமெடி பேட்ச் ஒண்ணு ஆரம்பிக்கிறேன், அதுல சேர்ந்துக்கோ.”

“எதுக்குங்க சார் உங்களுக்குச் சிரமம்? நமக்கு அந்தளவுக்கு அறிவு பத்தாதுங்க. நீங்க பெரியவங்க, உங்க வகுப்பு நல்லபடியா நடக்கட்டுமுங்க.”

“குட். மரியாதை தெரிஞ்ச பையன்” என்று மனம் குளிர்ந்து போனை வைத்தார்.

என் வாழ்நாளில் யாரையும் நான் அவ்வளவு கேவலமாகத் திட்டியதில்லை.