புளி போட்டுத் தேய்த்த பஸ்

ஹட்டனில் என் வீட்டு முன்னறை அலமாரி நிறைய ஜப்பான் தகர பொம்மைகள். முடுக்கிவிட்டால் மேளம் தட்டும் கரடி, பொறி பறக்க நடக்கும் ரோபோ, தண்டவாளம் தொலைந்த ரயில் என்று எல்லாம் நானே பழைய சாமான் கடைகளில் தேடிப் பிடித்தவை. ஆனால் நடு இடம் ஒரு சிவப்பு பஸ்ஸுக்குத்தான். அதன் ஒரு பக்கம் பெயின்ட் பளபளக்கிறது. ஜன்னலுக்கு ஜன்னல் தங்க முடிப் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். மறுபக்கம் வெறும் தகரம். பார்க்க வருகிறவர்கள் அதைக் கண்டதும் உச்சுக் கொட்டுவார்கள். எனக்குச் சிரிப்புத்தான் வரும்.

அது பெரியம்மா கொடுத்த பஸ். கந்தப்பளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், வெள்ளைக்காரத் துரை பங்களாவில் அவர் ஆயாவாக இருந்தார். துரை குடும்பம் சீமைக்குக் கிளம்பியபோது, பிள்ளைகள் விட்டுப்போன பஸ்ஸை முந்தானையில் மூடி, தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டி நின்ற எங்கள் லயத்துக்குக் கொண்டுவந்து என்னிடம் நீட்டினார். தலைமாட்டில் வைத்துக்கொண்டுதான் தூங்குவேன். அந்த வருட ஆயுத பூஜைக்குக் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியையும் கொழுந்துக் கூடையையும் கழுவிய பெரியம்மா பஸ்ஸையும் விடவில்லை. வண்டி என்றால் சாமிக்கு முன்னால் வைக்க வேண்டாமா? குத்துவிளக்கைத் தேய்ப்பதுபோல் புளியும் சாம்பலும் போட்டுத் தேங்காய் நாரால் தேய்த்தார். மலைத் தண்ணீர் கொட்டும் பீலியடிக்கு நான் ஓடி வருவதற்குள் ஒரு பக்கத்துப் பிள்ளைகள் அத்தனை பேரும் தண்ணீரோடு போய்விட்டார்கள்.

தரையில் புரண்டு அழுதேன். பெரியம்மாவுக்கும் முகம் செத்துப்போனது. பஸ்ஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவர், முந்தானையால் துடைத்து என் முகத்துக்கு நேரே பிடித்தார்.

"ஏன்டி அழுவுற? அவங்கதான் எறங்கிப் போயிட்டாங்களே. இந்தா பாரு, ஒனக்கு எடம் கெடச்சிருச்சு."

தகரத்தில் என் அழுத முகம் மங்கலாகத் தெரிந்தது. சிரித்துவிட்டேன்.

போன மாதம் கொழும்பிலிருந்து ஒருவர் வந்தார். அவரும் என்னைப்போல் பொம்மை சேர்ப்பவர், நல்ல மனிதர். இப்படி ஒரு பஸ்ஸை இதுவரை பார்த்ததே இல்லை என்றார். அழிந்த பக்கத்தை அசல்போலவே அச்சடித்துத் தருகிறேன், கூலி எதுவும் வேண்டாம் என்று ஆசையாகக் கேட்டார்.

"அந்தப் பிள்ளைங்கள எல்லாம் திரும்ப ஏத்திடலாம், மேடம்."

நான் பஸ்ஸைக் கையில் எடுத்தேன். பெரியம்மா போய்ப் பல வருடமாகிறது. எனக்கும் தலை நரைத்து, கன்னம் ஒட்டி, வரவர அவர் ஜாடை வந்துவிட்டது. தேய்த்த தகரத்தில் அந்த முகம்தான் தெரிந்தது.

"இல்லைங்க," என்றேன். "அங்க ஆள் இருக்கு."