லோசாலினி ஊற்றிய தேநீர்

பிஜித் தீவின் சுவா நகரத்து மாடி அறையொன்றில் சனிக்கிழமைதோறும் படித்தவர்கள் கூடி, வாழ்க்கை, சமூகம் என்று பேசுவார்கள். பதினோரு வருடமாக அங்கே தேநீர் ஊற்றிய லோசாலினிக்கு அந்தப் பேச்சென்றால் கொள்ளை ஆசை. கேட்டதையெல்லாம் புருஷனிடம் போய் ஒப்பிப்பாள். அன்று தலைவர் தொண்டையைச் செருமினார்.

"ஏழைங்களுக்கு எதையும் தெரிஞ்சுக்கணும்ங்கிற ஆர்வமே கிடையாது."

லோசாலினி தேநீர் ஊற்றுவதை நிறுத்தினாள். கெண்டியை வைத்தாள்.

"ஐயா, உங்க பேரு, புள்ளைங்க பேரு எல்லாம் எனக்குத் தெரியும். என் பேரு உங்கள்ல யாருக்காச்சும் தெரியுமா?"

"அடடா, அருமையான கேள்வி! எழுதிக்கோங்கப்பா, அடுத்த வாரம் இதையே பேசுவோம்."

எல்லாரும் குனிந்து எழுதினார்கள். பேரை மட்டும் யாரும் கேட்கவில்லை.

படியிறங்கித் தெருவோரம் காறித் துப்பினாள். இப்போது சந்தையில் மீன் செதில் உரசுகிறாள்.

"நாத்தமா இல்லையா?" என்றான் புருஷன்.

"அங்க அடிச்சதுக்கு இது தேவலை."